மீண்டும் தண்ணீருக்கு வந்த ஜிப்ஸி மாத்

மரக்கலங்களின் கதை – 17

ஆஸ்திரேலியாவின் கம்பளி மூட்டைகளோடு இங்கிலாந்துக்கு விரைந்த கிளிப்பர் கப்பல்களின் கதையை, கட்டி சார்க் கப்பலை லண்டன் கிரீன்விச் உலர்துறையில் கொண்டுவந்து நிறுத்தியதோடு சென்ற இதழில் முடித்திருந்தோம். இந்த அத்தியாயமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. 1968 முதல் 2004 வரை கட்டி சார்க்கைப் பார்க்கப் போனவர்கள் அதன் பக்கத்திலேயே இன்னொரு மரக்கலத்தையும் பார்த்திருப்பார்கள். சுமார் 53 அடி நீளம், இரண்டு பாய்மரம். அதற்கென்றே கட்டிய சின்ன உலர்துறையில் நின்றது. தேம்ஸ் நதி கூப்பிடு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் 36 வருஷம் மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அதன்மேல் பட்டதில்லை.

அதுதான் ஜிப்ஸி மாத்-4. ஒற்றை மனிதரைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றிய பாய்மரப் படகு. 1967 மே மாதம் அது பிளிமத் துறைமுகத்துக்குத் திரும்பிய இரவில் கரையில் கூடிய கூட்டம் இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு கொண்டாடப்பட்ட படகு, தலைநகரிலேயே, எல்லோர் கண்முன்னாலும் மக்கிக்கொண்டிருந்தது. அதை மக்கவைத்ததும் அதன்மேல் வைத்த மரியாதைதான். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

படகுக்கு முன்னால் அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஜிப்ஸி மாத் முதலில் ஒரு விமானம். டி ஹாவிலண்ட் கம்பெனி 1920களில் செய்த, இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட சின்ன விமானம். மரச் சட்டம், துணி போர்த்திய இறக்கைகள். ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற இளைஞர் அப்படி ஒன்றை வாங்கினார். 1901இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில் நியூசிலாந்துக்குப் போய், கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் நிலம் வாங்கி விற்பதில் பணம் சேர்த்தார். 1929 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து அந்த விமானத்தில் தனியாகக் கிளம்பி, அடுத்த மாதம் சிட்னியில் இறங்கினார். அதோடு நிற்கவில்லை. நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கிடக்கும் டாஸ்மன் கடலை, கிழக்கிலிருந்து மேற்காக யாரும் தனியாகப் பறந்து கடந்ததில்லை. அதைச் செய்துவிட முடிவு செய்தார்.

ஒரே மூச்சில் கடக்க அந்தச் சின்ன விமானத்தில் எரிபொருள் கொள்ளாது. அதனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பொருத்திக்கொண்டார். நடுவே இருக்கும் நார்ஃபோக் தீவிலும் லார்ட் ஹௌ தீவிலும் தண்ணீரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வதாக ஏற்பாடு. கடலின் நடுவே ஊசிமுனை போல இருக்கும் தீவுகளைச் சூரியனின் உயரத்தை அளந்தே கண்டுபிடித்தார். விமானத்தையும் தானே ஓட்டிக்கொண்டு, அந்த உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியையும் தானே பிடித்துக்கொண்டு. நேராகத் தீவைக் குறிவைத்தால், தவறும்போது இடமா வலமா என்று தெரியாமல் போய்விடும். அதனால் வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்து, கணக்கிட்ட நேரத்தில் தீவின் பக்கம் திரும்புவார்.

1931 ஏப்ரல் முதல் வாரம் லார்ட் ஹௌ தீவில் இறங்கினார். தண்ணீரில் கட்டி வைத்திருந்த விமானத்தைச் சூறைக்காற்று கவிழ்த்துப்போட்டது. இறக்கைகள் நொறுங்கின. அங்கே விமானப் பட்டறையும் கிடையாது, பழுதுபார்க்கத் தெரிந்தவரும் கிடையாது. சிசெஸ்டருக்கும் அந்த வேலை முன்பின் தெரியாது. தீவில் வாழ்ந்த சில குடும்பங்கள் கைகொடுத்தன. நனைந்த இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி, ஒடிந்த மரக் கட்டைகளை மாற்றி, இறக்கைகளுக்குப் புதுத் துணி போர்த்தி, இரண்டு மாதத்துக்கு மேல் உழைத்து விமானத்தை மறுபடி கட்டினார்கள். ஜூன் மாதம் அது ஆஸ்திரேலியாவை நோக்கிப் பறந்து, கடலைக் கடந்தும்விட்டது. ஜிப்ஸி மாத் என்ற பெயர் கொண்ட மரச் சாதனம் ஒன்றை ஊர் கூடி மீட்டது அதுதான் முதல் தடவை. சிசெஸ்டர் பின்னால் வாங்கிய படகுகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்.

நடுவில் இருக்கும் வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். போர்க்காலத்தில் விமானிகளுக்கு வழிகண்டறியும் பாடப் புத்தகங்கள் எழுதினார். போருக்குப் பின் லண்டனில் வரைபடங்கள் அச்சிடும் தொழில் நடத்தினார். ஐம்பது வயதுக்கு மேல்தான் பாய்மரப் படகுக்கே வந்தார். 1958இல் நுரையீரல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மனைவி ஷீலா உறுதியாக நின்றார். சைவ உணவும் ஓய்வுமாக ஆளைத் தேற்றினார். 1960இல் நடந்த முதல் தனிநபர் அட்லாண்டிக் போட்டியில், ஜிப்ஸி மாத்-3இல் 40 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்து முதல் பரிசு பெற்றார். நான்கு வருஷம் கழித்து நடந்த இரண்டாவது போட்டியில் பிரான்சின் எரிக் தபார்லி அவரை முந்தினார்.

அதன்பிறகுதான் கிளிப்பர் கப்பல்களின் மேல் அவர் கண் போனது. முப்பது நாற்பது பேர் பாய் இழுத்து ஓட்டிய அந்தப் பெரிய கப்பல்களில் வேகமானவை சுமார் 100 நாளில் ஆஸ்திரேலியாவைத் தொட்டன என்று பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தார். அதே வழியில், நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே போய், தென்கடலின் மேற்குக் காற்றைப் பிடித்து, சிட்னியில் ஒரே ஒரு நிறுத்தத்தோடு, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றித் தனியாளாக ஊர் திரும்புவது என்று தீர்மானித்தார். கிளம்பும்போது அவருக்கு வயது 64.

இந்தப் பயணத்துக்காகவே ஜிப்ஸி மாத்-4 கட்டப்பட்டது. வரைந்தவர்கள் ஜான் இல்லிங்வொர்த்தும் ஆங்கஸ் பிரிம்ரோஸும். கட்டியது இங்கிலாந்தின் தென்கரையில் கோஸ்போர்ட்டில் இருந்த கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறை. பழைய மரக்கலங்களில் பலகையை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, இடுக்கில் கலப்பத்து அடித்து அடைப்பார்கள். இதில் அப்படியில்லை. ஹோண்டுராஸ் மகாகனி மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, ஓர் அச்சின் மேல் ஒரு அடுக்கு ஒட்டி, அதன்மேல் திசை மாற்றி அடுத்த அடுக்கு ஒட்டி, இப்படியே அடுக்கடுக்காகப் பசையில் வளர்த்து உடலைச் செய்தார்கள். முடிந்தபின் படகின் உடல் முழுக்க ஒரே மரத்தில் குடைந்தது போல இடுக்கே இல்லாமல் இருக்கும். எடை குறைவு, வலு அதிகம். போர்க்காலத்தில் மர விமானங்கள் கட்டியதில் தேர்ந்த பசை வேலை இது.

1966 மார்ச்சில் படகைத் தண்ணீரில் விட்டார்கள். சிசெஸ்டருக்கு அன்றைக்கே மனம் விட்டுப்போயிற்று. சின்னச் சின்ன அலைக்கே முன்னும் பின்னுமாக ஆடியது. லேசான காற்றுக்கே பக்கவாட்டில் சாய்ந்தது. ஏரா என்கிற அடிக்கட்டையில் கூடுதலாக ஈயம் சேர்த்தார்கள். அப்படியும் அவருக்கு அந்தப் படகு பிடிக்கவில்லை. தனியாளுக்குப் பெரிது, சொன்னபடி கேட்காது என்று பின்னால் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பது வருஷம் கழித்து இந்தப் படகைக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துதான் காப்பாற்றினார்கள்.

1966 ஆகஸ்ட் 27ஆம் தேதி பிளிமத்திலிருந்து கிளம்பினார். செப்டம்பர் 17, அவருடைய 65ஆவது பிறந்த நாள், நடுக்கடலில் வந்தது. கூட யாரும் இல்லாவிட்டாலும் அன்று மாலை நல்ல கோட்டு அணிந்து தனியாகக் கொண்டாடினார். ஈரத் துணியில் விதை தூவிக் கீரை முளைக்கவைத்துச் சாப்பிட்டார், ரொட்டி சுட்டார். படகு எவ்வளவு சாய்ந்தாலும் தான் நிமிர்ந்து உட்கார, வளையத்தில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

இந்துமாக்கடலைக் கடந்து போகையில், சிட்னி இன்னும் 2,300 மைல் தூரம் இருக்கும்போது, காற்றின் திசைக்கு ஏற்பத் தானாகவே சுக்கானைத் திருப்பும் கருவி உடைந்தது. தனியாக ஓட்டுபவருக்கு அது கை ஒடிந்த மாதிரி. அவர் தூங்கும்போது படகைப் பிடித்துக்கொள்வது அந்தக் கருவிதான். பக்கத்தில் இருக்கும் துறைமுகத்துக்குத் திரும்பலாமா என்று யோசித்தார். பிறகு ஒரு சின்னப் பாயைக் கட்டி, அதன் கயிற்றைச் சுக்கான் பிடியோடு இணைத்து, காற்று மாறினால் பாய் இழுத்துச் சுக்கானைத் திருப்பும்படி அமைத்துப் பார்த்தார். வேலை செய்தது. டிசம்பர் 12ஆம் தேதி சிட்னி. 107 நாள். நூறு நாள் என்று தனக்கு விதித்த கெடு தவறியதில் அவருக்கு வருத்தம்தான்.

சிட்னியில் படகு நேராக ஓடுவதற்காக ஏராவின் வடிவத்தை மாற்றினார்கள். இந்த வயதில் இந்தப் படகில் ஹார்ன் முனைக்குப் போகாதீர்கள் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சொன்னார்கள். 1967 ஜனவரி 29ஆம் தேதி கிளம்பிவிட்டார். மறுநாள் இரவே டாஸ்மன் கடலில் ஓர் அலை படகைப் புரட்டிப் போட்டது. படுக்கையில் இருந்தவர்மேல் பாத்திரமும் கண்ணாடியும் கத்தியுமாக வந்து விழுந்தன. படகு தானாக நிமிர்ந்தது. பிற்பாடு, ஒரு பக்கத்திலிருந்த பொருள்கள் எதிர்ப்பக்கத்தில் எந்த உயரத்தில் போய் மோதியிருக்கின்றன என்று தடங்களை வைத்துக் கணக்குப் போட்டார். 130 பாகைக்கு மேல் கவிழ்ந்திருக்கிறது; அதாவது பாய்மரத்தின் நுனி கடலுக்குள் கீழ்நோக்கிப் போயிருக்கிறது. அறைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்தார், கலைந்ததையெல்லாம் அடுக்கினார், மேலே போனார். மார்ச் 20ஆம் தேதி ஹார்ன் முனையைச் சுற்றினார். மே 28ஆம் தேதி இரவு பிளிமத். கடலில் கழிந்த நாள் மொத்தம் 226.

அந்த ஜூலையில் அவர் கிரீன்விச்சுக்குப் படகில் வந்தார். நாலு நூற்றாண்டுக்கு முன்னால் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக்குக்காக முதலாம் எலிசபெத் ராணி பயன்படுத்தியது என்று சொல்லப்படும் வாளாலேயே, இரண்டாம் எலிசபெத் ராணி மக்கள் முன்னிலையில் இவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார். படகை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அதே கிரீன்விச்சில், எந்தக் கிளிப்பர் கப்பலோடு போட்டி போட்டதோ அதன் பக்கத்திலேயே வைப்பது பொருத்தமாக எல்லோருக்கும் தோன்றியது. 1968இல் உலர்துறையில் ஏற்றினார்கள். சிசெஸ்டர் 1972 ஆகஸ்டில் காலமானார்.

மரக்கலத்தைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மரத்தை மக்கவைப்பது ஒருவகைப் பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், மிதமான சூடு வேண்டும். உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. கடலில் ஓடும் படகின் தளத்தை மாலுமிகள் நாள்தோறும் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது சுத்தத்துக்காக மட்டுமில்லை. உப்பு ஊறிய மரத்தில் அந்தப் பூஞ்சை லேசில் பிடிக்காது. கடலிலும் மரத்துக்கு எதிரி உண்டு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. அதைத் தடுக்கத் தகடும் பூச்சும் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அப்படியில்லை. தளத்தில் ஒரு திருகாணி தளர்ந்த துளை போதும். பட்டையின் வெட்டுமுனை வழியே உள்ளே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடும். வெளியே வர்ணம் பளபளப்பாகத்தான் இருக்கும். அடியில் மரம் புகையிலைத் தூள் போல ஆகியிருக்கும்.

ஜிப்ஸி மாத்தின் மேல் மழை மட்டும் பெய்யவில்லை. வருஷக்கணக்காகப் பார்வையாளர்கள் அதில் ஏறி இறங்கினார்கள். ஒரே ஒரு மனிதரின் கால் படுவதற்காகக் கட்டிய தளம் அது. எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பாகத்தையும் மெலிதாகச் செய்திருந்தார்கள். அதன்மேல் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்தார்கள். ஆசையோடுதான் வந்தார்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஹார்ன் முனையின் அலைகள் செய்யாத சேதத்தை அந்தக் கால்களும் லண்டன் மழையும் செய்தன. ஒரு கட்டத்தில் படகு தாங்காது என்று ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அது வெளியிலிருந்து பார்க்கும் பொருளாக நின்றது. பார்த்துக்கொள்ள நாதியில்லாமல் வர்ணம் உரிந்தது.

ஆள் புழங்காத வீடு தானாக இடிந்துவிடும் என்பார்கள் நம் ஊரில். கூரையில் ஓடு நகர்ந்ததைப் பார்க்க உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். படகுக்கும் அதேதான். ஓட்டுகிற படகில், எந்த இடத்தில் தண்ணீர் கசிகிறது என்று ஓட்டுபவனுக்கு அன்றைக்கே தெரியும். அடுத்த துறையில் இழுத்துப் பார்த்துவிடுவான். ஓடாத படகில் அந்தக் கசிவைப் பத்து வருஷம் கழித்து ஆய்வுக் குழு கண்டுபிடிக்கும்.

2000களின் தொடக்கத்தில் ‘யாட்டிங் மன்த்லி’ என்ற படகுப் பத்திரிகையின் ஆசிரியர் பால் கெல்டர் இதைக் கையில் எடுத்தார். 1906இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சிசெஸ்டர் பயணத்தின் நாற்பதாவது ஆண்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. படகைப் பூசி மெழுகித் திரும்பவும் அதே குழியில் வைப்பதற்கு அவர் கேட்கவில்லை. பழுதுபார்த்துக் கடலில் விட வேண்டும், இன்னொரு தடவை உலகைச் சுற்ற வேண்டும் என்றார். கௌஸ் நகரில் இளைஞர்களுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் யூ.கே.எஸ்.ஏ. என்ற அறக்கட்டளை துணைக்கு வந்தது. படகு கைமாறிய விலை ஒரு பவுண்டு, கூடவே ஒரு ஜின்-டானிக். சிசெஸ்டருக்குப் பிடித்த பானம்.

விலை ஒரு பவுண்டு என்றாலும் செலவு லட்சக்கணக்கான பவுண்டு. அரசாங்கமோ பெரும் பணக்காரரோ மொத்தமாக எடுத்துக் கொடுத்த பணமில்லை. பத்திரிகை படித்தவர்கள் காசோலை அனுப்பினார்கள். வர்ணம் செய்பவர் வர்ணம் தந்தார், கயிறு திரிப்பவர் கயிறு தந்தார், பாய் தைப்பவர் பாய் தந்தார். கடலில் இதுவரை கால் வைக்காதவர்கள்கூடக் கொடுத்திருப்பார்கள். 1967இல் சின்னப் பையனாக ரேடியோவில் கேட்டவர்கள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிளிமத்தில் பார்த்தவர்கள் இதற்குள் நடுவயதைத் தொட்டிருந்தார்கள். இந்தத் தலைமுறையின் ஞாபகம்தான் அந்தப் படகின் உண்மையான சொத்து என்று நான் நினைக்கிறேன்.

2004 நவம்பரில் கிரேன் வைத்து அதைத் தூக்கினார்கள். லாரியில் ஏற்றிச் சாலை வழியாக எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? கோஸ்போர்ட்டுக்கு, அதைக் கட்டிய அதே கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறைக்கு. லாபம் பார்க்காமல் வேலையை எடுத்துக்கொண்டது அந்தப் பட்டறை.

ஒட்டுப் பலகைப் படகைப் பழுதுபார்ப்பவரின் முதல் கருவி காதுதான். கொட்டாப்புளியால் உடலை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்று சொல்லும். உளுத்த மரம் மந்தமாகச் சொல்லும். மந்தமான இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி, நல்ல மரம் வரும்வரை செதுக்கி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் புது மரத்தைச் சும்மா வைத்து ஒட்டினால் நிற்காது. பழைய மரத்தின் விளிம்பை நீண்ட சரிவாகச் சீவ வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்குப் பத்து அங்குல நீளம் போலச் சரிவு கொடுப்பார்கள். புது மரத்திலும் அதே சரிவு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது ஒட்டும் பரப்பு பெரிதாகும், பாரம் சீராகப் பரவும். அடுக்கு அடுக்காகக் கட்டிய உடலில் ஒவ்வொரு அடுக்கின் நாரோட்டத்தையும் பார்த்துப் பார்த்து இதைச் செய்ய வேண்டும். எபாக்சி பசையும் இப்போது துணைக்கு இருந்தது.

2005 ஜூனில், 37 வருஷத்துக்குப் பின், ஜிப்ஸி மாத்-4 மிதந்தது. செப்டம்பரில் பிளிமத்திலிருந்து கிளம்பியது. இந்தத் தடவை தனியாள் இல்லை. கேப்டனும் துணை மாலுமியும், கூட இளைஞர்களும். ஒவ்வொரு கட்டத்திலும் இளைஞர்கள் மாறினார்கள். பெரும்பாலும் வாய்ப்பு வசதி குறைந்த சூழலிலிருந்து வந்த பிள்ளைகள். யாட் என்பதே வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்து வளர்ந்தவர்கள். தேசத்தின் பொக்கிஷம் என்று கயிறு கட்டி வைத்திருந்த படகின் சுக்கான் பிடியை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த முடிவெடுக்க மிகுந்த துணிவு வேண்டும். வழியும் வேறு: தென்கடலுக்குப் போகவில்லை, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்கு.

2006 ஏப்ரல் 29ஆம் தேதி பிரெஞ்சு பாலினீசியாவின் ரங்கிரோவா பவளத் தீவில் படகு பாறைமேல் ஏறியது. படகில் இருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கரையேறினார்கள். படகு மட்டும் பவளப் பாறையின் மேல் பக்கவாட்டில் கிடந்தது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிப் பாறையில் அடித்தது. மகாகனி உடலில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்தப் படங்கள் செய்தித்தாள்களில் வந்தபோது, இதற்குத்தான் அருங்காட்சியகத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். அந்த எண்ணத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சிசெஸ்டரின் கடைசிப் படகான ஜிப்ஸி மாத்-5இன் கதி என்ன ஆயிற்று? 1982இல் தொடங்கிய தனிநபர் உலகப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலியக் கரையோரம் காபோ தீவில் மோதிச் சிதறியது. ஓட்டினால் உடையும். அது ஓட்டுவதற்குக் கொடுக்கிற விலை.

ரங்கிரோவாவில் யாரும் கைவிடவில்லை. ஓட்டைகளின் மேல் ஒட்டுப்பலகையை அறைந்து தற்காலிகமாக மூடினார்கள். மோதிய ஆறாவது ஏழாவது நாளில் இழுவைக் கப்பல் ஒன்று பெரிய அலைகளுக்கு நடுவே அதைப் பாறையிலிருந்து இழுத்துக் கடலில் இறக்கியது. டஹிட்டிக்கு இழுத்துப்போய், அங்கிருந்து பெரிய கப்பலில் ஏற்றி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக்லாந்தில் தச்சர்கள் இரவு பகலாக வேலை பார்த்தார்கள். சில வாரங்களிலேயே, ஜூன் மாதக் கடைசியில், படகு திரும்பவும் பாய் விரித்தது. எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அதே ஜூனில், லார்ட் ஹௌ தீவு மக்கள் கட்டிக் கொடுத்து மறுபடி பறந்த முதல் ஜிப்ஸி மாத்தும் நியூசிலாந்திலிருந்து வந்ததுதான்.

மரத்தில் கட்டியதால்தான் இது முடிந்தது. அடிபட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, உலகின் எந்த மூலையில் இருக்கும் நல்ல தச்சனும், பக்கத்தில் இருப்பவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கையில் கிடைக்கும் கருவியால் மறுபடி கட்டிவிடலாம்.

2007 மே 28ஆம் தேதி, சிசெஸ்டர் திரும்பிய அதே தேதியில், சரியாக நாற்பது வருஷம் கழித்து, படகு பிளிமத் வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், மே 21ஆம் தேதி அதிகாலை, கிரீன்விச்சில் கட்டி சார்க் தீப்பிடித்து எரிந்தது. புதுப்பிக்கும் பணிக்காக அதன் மரங்களில் பாதியைக் கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால்தான் அந்தக் கப்பல் தப்பியது. தீப்பிடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் ஜிப்ஸி மாத் 36 வருஷம் நின்றிருந்தது. எது பத்திரமான இடம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. மரப்படகை வைத்துப் பராமரிப்பது ஓயாத செலவு. வருஷா வருஷம் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிக்க வேண்டும். பாயும் கயிறும் தேய்ந்துகொண்டே இருக்கும். 2010இல் யூ.கே.எஸ்.ஏ. படகை விற்க வேண்டி வந்தது. வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்தார்கள். இங்கிலாந்திலேயே அதை வாங்கியவர்கள், பொதுமக்களும் இளைஞர்களும் தொடர்ந்து அதில் ஏறிப் போகும்படி ஜிப்ஸி மாத் அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். பியூலி நதிக்கரையில் பக்லர்ஸ் ஹார்டு என்ற பழைய கப்பல் கட்டும் ஊர் உண்டு. நெல்சன் ஓட்டிய அகமெம்னன் போர்க்கப்பல் அங்கே கட்டியதுதான். சிசெஸ்டர் தன் படகைக் கட்டி வைத்திருந்த துறையும் அதுதான். அந்தத் துறைக்கே ஜிப்ஸி மாத்-4 திரும்பி வந்தது. இந்தத் தடவை மிதந்துகொண்டு.

சிசெஸ்டர் விட்டுவைத்த வேலை ஒன்று இருந்தது. அவர் சிட்னியில் ஒரு தடவை நின்றார். எங்கேயும் நிற்காமல், யார் கையிலிருந்தும் ஒரு குடம் தண்ணீர்கூட வாங்காமல் உலகைச் சுற்ற முடியுமா? 1968 ஜூன் 14ஆம் தேதி, இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து 29 வயது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதற்காகக் கிளம்பினார். அவர் படகு 32 அடிதான். பம்பாயில், நம் தச்சர்கள் தேக்கு மரத்தை வாய்ச்சியால் செதுக்கிக் கட்டியது, பெயர் சுஹைலி. அதுவும் பிற்பாடு கிரீன்விச் அருங்காட்சியகத்துக்குத்தான் போனது. உள்ளே பலகைகள் உலர்ந்து சுருங்குவதைப் பார்த்த நாக்ஸ்-ஜான்ஸ்டன், படகைத் தன் கையாலேயே வெளியே எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கதை அடுத்த இதழில்.